‘மாதம் 150 ரூபாய்தானே’ என்று விட்டுவிடாதீர்கள்

தொலைபேசி, இணையக் கட்டணச் சிக்கல்கள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, தொலைபேசித் துறையின் கணக்குப் பிரிவில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் பகுதி ஆசிரியை பதிலளிக்கிறார்.

கேள்வி: அம்மா, வணக்கம். நானும் என் கணவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். சென்ற புரட்டாசியில் எங்கள் தெருமுனையில் குடை விரித்து, மேசை போட்டு, ஒரு நிறுவனத்தார் பைபர் இணைப்புக்கு ஆள் சேர்த்தார்கள். மாதம் 999 ரூபாய்த் திட்டம். இணையம், வீட்டுத் தொலைபேசி, கூடவே இரண்டு ஓடிடி செயலிகள். பன்னிரண்டு மாதத்துக்கும் சேர்த்துக் கட்டினால் இணைப்புக் கட்டணம் கிடையாது என்றார்கள். ஜி.எஸ்.டி.யோடு 14,145 ரூபாய் 84 காசு கட்டினேன்.

மாசியில் ஒருநாள் இரவு பதினொன்றே முக்காலுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. திட்டத்தின் சலுகைகள் திருத்தப்பட்டுள்ளன என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. மறுநாள் மதியம் இரண்டு செயலிகளில் ஒன்று திறக்கவில்லை. என் கணவருக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் அந்தச் செயலியில்தான் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் பார்ப்பார். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தால், “சலுகைகள் மாறுதலுக்கு உட்பட்டவை, தனியாக மாதம் 149 ரூபாய் கட்டினால் செயலி தொடரும்” என்கிறார்கள். இணைப்பே வேண்டாம் என்றால் மீதிப் பணம் திரும்ப வராதாம். “ஆயிரம் ரூபாய்க்கு அலையாதீர்கள், விடுங்கள் அம்மா” என்கிறான் பெங்களூரில் இருக்கும் மகன். துண்டறிக்கை, ரசீது, குறுஞ்செய்தி மூன்றின் நகலையும் இணைத்திருக்கிறேன். இப்படிச் செய்ய அவர்களுக்கு உரிமை உண்டா? நான் விட்டுவிடத்தான் வேண்டுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பாளையங்கோட்டை

பதில்: விடக் கூடாது, டீச்சர். உங்கள் கையில் இருக்கும் துண்டறிக்கை என்ன சொல்கிறது என்று உங்களுக்கே இன்னும் தெரியவில்லை என்று நினைக்கிறேன். அதை எடுத்து வெளிச்சத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு கட்டங்கள் போட்ட அறிக்கை அது. நான்காவது கட்டத்தில் 999 என்ற எண்ணைச் சுற்றி விற்பனைக்கு வந்த பையன் நீலப் பேனாவால் இரண்டு சுற்று வட்டம் போட்டு, பக்கத்தில் ‘12 மாதம்’ என்று எழுதியிருக்கிறான். நீங்கள் அந்தக் கட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அதற்கு இடப்பக்கம் இருக்கும் மூன்றாவது கட்டத்தைப் படியுங்கள். 849 ரூபாய். அதே 150 எம்.பி.பி.எஸ். வேகம், அதே தொலைபேசி, ஒரே ஒரு செயலி. அந்தச் செயலி எது? இன்றைக்கும் உங்கள் வீட்டில் திறக்கிற செயலி. அதாவது மாசியிலிருந்து உங்கள் வீட்டில் ஓடுவது 849 ரூபாய்த் திட்டம். நீங்கள் கட்டியிருப்பது 999.

பறிபோன செயலிக்கு மாதம் 150 ரூபாய் என்று விலை வைத்தவர்கள் அவர்களேதான். அச்சடித்துக் கையில் கொடுத்திருக்கிறார்கள். இப்போது 149 ரூபாய்க்குத் தனியாக விற்க முன்வந்ததன் மூலம் அதே விலையை இரண்டாவது முறையும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் கோரிக்கை இனி ‘எங்களுக்கு ஏதாவது பார்த்துச் செய்யுங்கள்’ என்பதாக இருக்கக் கூடாது. ஏழு மாதத்துக்கு 1,050 ரூபாய், அதன்மேல் நீங்கள் செலுத்திய 18 சதவீத ஜி.எஸ்.டி. 189 ரூபாய், ஆக மொத்தம் 1,239 ரூபாய். காசு பிசகாமல் இந்தத் தொகையைக் கேளுங்கள். கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: பொதுவாகக் குறை சொல்லி வரும் கடிதம் மேசை மேசையாகச் சுற்றும். தொகை போட்டு வரும் கடிதத்துக்கு யாராவது ஒருவர் கணக்கு காட்டித்தான் ஆக வேண்டும்.

அந்தத் துண்டறிக்கையை முதலில் நெகிழி உறைக்குள் போட்டு வையுங்கள். நிறுவனத்தின் இணையதளத்தில் இன்று பார்த்தால் புதிய திட்டம்தான் இருக்கும், பழையதன் சுவடே இருக்காது. குறுஞ்செய்தியை அழித்துவிடாதீர்கள். வந்த நேரமும் தெரியும்படி இன்னொரு படம் எடுத்து மகனுக்கு அனுப்பி வையுங்கள்.

இனி, ‘மாறுதலுக்கு உட்பட்டவை’ என்ற வரிக்கு வருகிறேன். உங்கள் அறிக்கையின் அடியில் எறும்பு எழுத்தில் அது இருக்கத்தான் செய்கிறது. அந்த வரியைக் காட்டினால் பேச்சு முடிந்துவிட்டது என்று சேவை மையத்தில் நம்புகிறார்கள். முடியாது. புதிதாகச் சேர வருகிறவருக்கு நாளை வேறு திட்டம், வேறு விலை சொல்ல அந்த வரி அவர்களுக்கு இடம் தரலாம். ஓராண்டுப் பணத்தை ஒரே தவணையில் வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு, ஐந்தாம் மாதத்தில் பொருளில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, விலையை மட்டும் அப்படியே வைத்துக்கொள்ள அது இடம் தராது. பணம் வாங்கிய பிறகு சொன்ன சேவையைக் குறைப்பது சேவைக் குறைபாடு. கிடைக்காத ஒன்றைக் காட்டி விற்பது முறையற்ற வணிக நடைமுறை. இரண்டும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ள சொற்கள். உங்கள் கடிதத்தில் இந்த இரண்டு சொற்களும் இருக்கட்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் பிரிவில் தடித்த பேரேடு ஒன்று இருந்தது. பழுதாகிக் கிடந்த தொலைபேசிகளுக்கு வாடகைத் தள்ளுபடி போடும் பேரேடு. மழைக்காலத்தில் கேபிள் நனைந்து பழுதான இணைப்புகளின் எண்களைப் பொறியாளர் அலுவலகம் எழுதி அனுப்பும். நாங்கள் நாள் கணக்குப் பார்த்து அடுத்த பில்லில் கழிப்போம். சில நேரம் ஒரு வீட்டுக்கு ஏழு ரூபாய், எட்டு ரூபாய்தான் வரும். ‘இதைப் போய்க் கழிக்க வேண்டுமா’ என்று யாரும் கேட்டதில்லை. கொடுக்காத சேவைக்கு வாடகை வாங்கும் பழக்கம் அங்கே இல்லை. இன்றைக்கு மென்பொருளில் ஒரே நொடியில் செய்யக்கூடிய வேலையைச் செய்ய மறுக்கிறார்கள் என்று படிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு நேராக எழுதிவிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். எழுதலாம். ஆனால் தனிநபர் புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் வேலை அந்த ஆணையத்துக்குச் சட்டத்தில் தரப்படவில்லை. உங்கள் கடிதம் நிறுவனத்துக்கே திருப்பி அனுப்பப்படும். அதுவுமன்றி, ஓடிடி செயலி என்பது அழைப்பு, டேட்டா போல டிராய் கட்டண ஆணைகளுக்குள் வரும் சங்கதி அல்ல என்று நிறுவனம் வாதாடும். அந்த வாதத்துக்குள் நீங்கள் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம். உங்கள் வழக்கு செயலியைப் பற்றியதே அல்ல, 999 ரூபாய்க்கு விற்ற ஒரு முழுப் பொருளைப் பற்றியது. அதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

டிராய் 2012-இல் கொண்டுவந்த புகார்த் தீர்வு விதிகள் உங்களுக்கு நிச்சயம் உதவும். அதன்படி முதலில் நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிவு செய்து புகார் எண் வாங்க வேண்டும். நீங்கள் இதுவரை பேசியது விசாரணை, புகார் அல்ல. அதனால்தான் எண் தரவில்லை. ‘புகாராகப் பதிவு செய்யுங்கள், எண் சொல்லுங்கள்’ என்று அழுத்திக் கேளுங்கள். அன்றே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். எழுத வேண்டியது இவ்வளவுதான்:

“உங்கள் துண்டறிக்கையில் கண்ட 999 ரூபாய்த் திட்டத்துக்கு 12 மாதக் கட்டணம் 14,145.84 ரூபாயை முன்பணமாகச் செலுத்தியுள்ளேன். ஐந்து மாதம் கழிந்த நிலையில் திட்டத்தின் ஒரு பகுதியை என் சம்மதமின்றி நீக்கியுள்ளீர்கள். இப்போது எனக்குக் கிடைப்பது உங்கள் 849 ரூபாய்த் திட்டம் மட்டுமே. இது சேவைக் குறைபாடு. முறையற்ற வணிக நடைமுறை. நீக்கிய செயலியை மீண்டும் வழங்குங்கள். இயலாவிடில் ஏழு மாத வித்தியாசம் 1,239 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். அதுவும் இயலாவிடில் இணைப்பை நிறுத்தி, மீதி ஏழு மாதக் கட்டணம் 8,251.74 ரூபாயைத் திருப்பித் தாருங்கள்.”

இதற்குப் பிறகு ஒன்று நடக்கும், தயாராக இருங்கள். ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வரும். எனக்கே வந்தது. என் கைப்பேசித் திட்டத்தோடு ஓராண்டுக்குத் தருவதாகச் சொன்ன ஒரு சந்தாவை ஒரு நிறுவனம் ஆறாம் மாதத்தில் நிறுத்தியது. காலை பத்து மணிக்குப் புகார் கொடுத்தேன். பன்னிரண்டு மணிக்குத் ‘தீர்க்கப்பட்டது’ என்று செய்தி வந்துவிட்டது. யாரும் கூப்பிடவில்லை, எதுவும் மாறவில்லை. அதைப் பார்த்து மனம் தளராமல் அன்றே ‘தீரவில்லை’ என்று பதில் எழுதி, மேல்முறையீடு செய்தேன். தீராத புகாரைத் தீர்ந்ததாக மூடியதற்கான சாட்சியம் அந்தச் செய்தியே. ஐந்தாவது வாரத்தில் 590 ரூபாய் என் கணக்குக்கு வந்தது.

மேல்முறையீடு என்றதும் நீதிமன்றம் என்று நினைக்க வேண்டாம். பெரிய நிறுவனம் ஒவ்வொன்றிலும் மேல்முறையீட்டு அதிகாரி ஒருவர் இருக்கிறார். அவருடைய மின்னஞ்சல் முகவரி நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. முகப்புப் பக்கத்தின் அடிப்பகுதியில் தேடுங்கள். புகாருக்குக் கிடைத்த பதில் திருப்தி இல்லை என்றால் 30 நாளுக்குள் அவருக்கு எழுத வேண்டும். கட்டணம் கிடையாது. 39 நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். என் அனுபவத்தில் சிறு தொகை விவகாரங்களில் பாதிக்கு மேல் இந்த இடத்திலேயே முடிந்துவிடுகின்றன, ஏனென்றால் இங்கேதான் முதல்முறையாக ஒரு மனிதர் காகிதத்தைப் படிக்கிறார். இடையில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். தமிழிலேயே பேசலாம்.

அதுவும் பலிக்காவிட்டால் திருநெல்வேலியிலுள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். இந்தக் கதவு உங்களுக்குத் திறந்திருப்பதற்குப் பின்னால் ஒரு நீண்ட கதை உண்டு. 2009 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், தொலைபேசிக் கட்டணத் தகராறுகளுக்கு 1885-ஆம் ஆண்டு தந்திச் சட்டத்தின் 7பி பிரிவில் நடுவர் முறை இருப்பதால் நுகர்வோர் மன்றம் விசாரிக்க முடியாது என்று சொல்லிவிட்டது. அந்த ஆண்டுகளில் நுகர்வோர் வழிகாட்டும் பணியில் நானும் சிறிது காலம் உட்கார்ந்திருக்கிறேன். பில்லைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு வரும் பெரியவர்களிடம், ‘மன்றத்தில் எடுப்பார்களோ மாட்டார்களோ’ என்று சொல்லி அனுப்பியது இன்னும் நெஞ்சில் இருக்கிறது. அகமதாபாதைச் சேர்ந்த ஒருவர் விடவில்லை. மாதம் சராசரியாக 555 ரூபாய் பில் வந்துகொண்டிருந்தவருக்கு, 2013 இறுதியில் ஒரே மாதத்துக்கு 24,000 ரூபாய்க்கு மேல் பில் வந்தது. அவர் கேட்ட இழப்பீடு வெறும் 22,000 ரூபாய். நிறுவனம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2022 பிப்ரவரி 16 அன்று, தொலைபேசி நிறுவனத்தின் மீது நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கத் தடையில்லை என்று தீர்ப்பு வந்தது. ஒரு தனி மனிதர் தன் பில்லுக்காக நின்றதால்தான் இன்று நான் உங்களிடம் ‘போங்கள்’ என்று தைரியமாகச் சொல்ல முடிகிறது.

ஆணையத்துக்குப் போவதானால் இரண்டு செய்திகள். துண்டறிக்கையின் பின்பக்கம் ‘வழக்குகள் மும்பை நீதிமன்றங்களுக்கு மட்டுமே உட்பட்டவை’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம். அடுத்தது முக்கியம், படித்தவர்களும் தவறும் இடம். மனுவில் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்ற சொல்லை எழுதாதீர்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஒப்பந்தமே நியாயமற்றது என்ற வழக்கை மாநில ஆணையமும் தேசிய ஆணையமும்தான் விசாரிக்கலாம், மாவட்ட ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மனுவையே தள்ளச் சொல்வார். உங்களுக்கு ஒப்பந்தத்தோடு சண்டையில்லை. ஒப்பந்தப்படி நடக்கவில்லை என்பதுதான் குறை.

மகனிடம் சொல்லுங்கள்: ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கோ சேவைக்கோ ஆணையத்தில் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை, இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக வீட்டிலிருந்தே மனுத் தாக்கல் செய்யலாம். அலைச்சல் பற்றிய அவர் கவலை அன்பினால் வருவது. கணினியில் ஆவணங்களை ஏற்றித் தரும் வேலையை அவரே செய்யட்டும். இரண்டு ஆண்டு கால அவகாசம் இருக்கிறது என்றாலும் தள்ளிப்போடாதீர்கள். அதுவரை படம் இல்லாமல் சார் மதியத்தில் சும்மா படுத்திருக்க வேண்டாம். அந்த 149 ரூபாயைக் கட்டிச் செயலியை வாங்கிவிடுங்கள். ‘எதிர்ப்புத் தெரிவித்துச் செலுத்துகிறேன்’ என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் கட்டுங்கள். அப்படிக் கட்டிய ரசீதுகளும் உங்கள் நட்டத்துக்கு ஆதாரம்.

கேள்வி: அம்மா, ஊரில் தனியாக இருக்கும் என் தாயாரின் கைப்பேசிக்கு 365 நாள் ரீசார்ஜ் செய்திருக்கிறேன். நடுவில் கட்டணம் உயர்ந்தால் வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்களா? தினசரி டேட்டாவைக் குறைத்துவிடுவார்களா? நான் துபாயில் இருக்கிறேன். திடீரென்று போன் நின்றுவிட்டால் அம்மா பதறிவிடுவார்.

— வாசகர், ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: கட்டச் சொல்ல முடியாது, தம்பி. 2006 மார்ச்சில் டிராய் பிறப்பித்த 43-வது கட்டணத் திருத்த ஆணை இதற்காகவே இருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட செல்லுபடிக் காலத்துக்கு முன்பணம் வாங்கிய திட்டத்தில், அந்தக் காலம் முடியும் வரை எந்தக் கட்டணத்தையும் உயர்த்தக் கூடாது. மற்றத் திட்டங்களுக்கும் சேர்ந்த நாளிலிருந்து ஆறு மாதம் இந்தப் பாதுகாப்பு உண்டு. 2024 ஜூலை 3, 4 தேதிகளில் பெரிய தனியார் நிறுவனங்கள் மூன்றும் கட்டணத்தை உயர்த்தியபோது, அதற்கு முன்பே ஓராண்டு ரீசார்ஜ் செய்திருந்தவர்களுக்குப் பழைய திட்டமே காலம் முடியும் வரை ஓடியது. கடைசி இரண்டு நாளில் ரீசார்ஜ் கடைகளில் கூட்டம் மொய்த்தது அதனால்தான்.

முன்பணம் வாங்கிய திட்டத்தில் டேட்டாவைக் குறைப்பதும் விலையை ஏற்றுவதும் என் கணக்கில் ஒன்றுதான். அப்படி நடந்தால் மேலே டீச்சருக்குச் சொன்ன அதே வழி. அம்மாவிடம் ஒன்று மட்டும் சொல்லி வையுங்கள். ‘திட்டத்தை மேம்படுத்த 1-ஐ அழுத்துங்கள்’ என்று யார் கூப்பிட்டாலும் எதையும் அழுத்த வேண்டாம். அழுத்தினால் பழைய திட்டத்தை அவரே விட்டுக்கொடுத்ததாகப் பதிவாகிவிடும்.

கேள்வி: குடும்பத்துக்கு நான்கு இணைப்புகள் சேர்ந்த போஸ்ட்பெய்டு திட்டம் வைத்திருக்கிறேன். சொன்ன சலுகைகளில் ஒன்றை நிறுத்திவிட்டார்கள். கோபத்தில் இரண்டு மாதமாக பில் கட்டவில்லை. இப்போது வசூல் முகவர் என்று ஒருவர் தினமும் போன் செய்கிறார். நான் செய்தது சரிதானே?

— வாசகர், கோவை

பதில்: கோபம் சரி, வழி சரியில்லை. நிறுத்தியது நான்கில் ஒரு பங்கு என்றாலும் நீங்கள் கட்டாதது முழு பில். இப்போது குறை சொல்லும் இடத்தில் அவர்களும் பதில் சொல்லும் இடத்தில் நீங்களும் நிற்கிறீர்கள். நான்கு எண்களும் துண்டிக்கப்பட்டால், வங்கிக் கடவு எண் வருகிற எண்ணும் அதோடு போகும்.

இன்றே இரண்டு மாத பில்லையும் கட்டுங்கள். கட்டும் முன்பு, நிறுத்திய சலுகையின் மதிப்பு இவ்வளவு என்று தொகை குறிப்பிட்டு, ‘உரிமையை விட்டுக்கொடுக்காமல், எதிர்ப்புடன் செலுத்துகிறேன்’ என்று புகார் மையத்துக்கு எழுதிப் புகார் எண் வாங்குங்கள். தாமதக் கட்டணம் போட்டிருந்தால் அதையும் தனியாகக் குறித்து மறுப்புத் தெரிவியுங்கள். முகவர் கூப்பிட்டால் அந்தப் புகார் எண்ணைச் சொல்லி, எதுவானாலும் எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். பதில் கிடைத்ததும் அதன் நகலை எனக்கு அனுப்புங்கள். மேல்முறையீட்டுக் கடிதத்தை நான் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.